‘இல்லை’யும் ‘இசைவில்லை’யும்: கணினி முறைமைகளிற் காணப்படும் விடை வழுக்கள்

1. முன்னுரை

கேட்ட வினாவுக்குப் பொருந்தாத விடை கூறுதலைத் தமிழ் இலக்கண ஆசிரியர்கள் ஒரு குற்றமாகவே கொண்டனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதலியலான கிளவியாக்கம் வினாவும் விடையும் பிழையுறாது அமைதல் பற்றி விதி கூறுகின்றது. நன்னூல், சொற்றொடரில் நிகழும் வழுக்களைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாகப் பகுத்து, விடை வழுவை அவற்றுள் ஒன்றாக வைத்தது. ஊருக்கு வழி கேட்டவனிடம் மாட்டைப் பற்றிப் பேசுபவனின் மறுமொழியை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வர்.

இத்தகைய வழுவைக் கேட்பவன் உடனே உணர்ந்துகொள்வான். வழி கேட்டவன் மாட்டைப் பின்தொடர்ந்து செல்லமாட்டான். ஆனால் வினாவோடு முற்றிலும் பொருந்துவதாகத் தோன்றி, உண்மையில் தவறாக இருக்கும் விடையை அவ்வாறு இனங்காண முடியாது. கணினியின் பணிசெயல் முறைமைகளும் அவற்றின் மேல் இயங்கும் மென்பொருள்களும் தரும் வழுச் செய்திகளுள் ஒரு பகுதி இவ்வகையைச் சார்ந்தது. சிறப்பாக, பயனருக்கு ஒரு கோப்பைத் திறக்கும் அனுமதி இல்லாதபோது, ‘அப்படியொரு கோப்பே இல்லை’ என்று முறைமை கூறுவது அன்றாடம் நிகழ்வதாகும். இசைவில்லாமையை இன்மையாகக் கூறும் இவ்வழு எவ்வாறு தோன்றுகின்றது, அதனுள் எப்பகுதி கவனக்குறைவால் விளைவது, எப்பகுதி வேண்டுமென்றே செய்யப்படுவது, தமிழில் இச்செய்திகளை ஆக்குவோர் கருத்திற் கொள்ள வேண்டியவை யாவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. முறைமையின் கரு கூறும் விடை

1969ஆம் ஆண்டு பெல் ஆய்வுகூடங்களிற் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பட்ட யுனிக்ஸ் முறைமையும், அதன் வழியைப் பின்பற்றி 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் முறைமையும் அனுமதி பற்றிய எளிய ஓர் ஏற்பாட்டைக் கொண்டுள்ளன. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என்ற மூவகையினர் உளர். ஒவ்வொரு வகையினருக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று அனுமதிகள் தனித்தனியே வழங்கப்படலாம் அல்லது மறுக்கப்படலாம். இவ்வாறு ஒன்பது குறிகளால் ஒரு கோப்பின் நிலை வரையறுக்கப்படுகின்றது. கோப்புகளின் பெயர்களைத் தாங்கும் அடைவுகளுக்கும் இவ்வொன்பது குறிகளே உள்ளன. ஆயினும் அடைவைப் பொறுத்தவரையில் ‘இயக்குதல்’ என்பது அதனூடாகக் கடந்து செல்வதற்கான அனுமதியைக் குறிக்கும்.

ஒரு கோப்பைத் திறக்குமாறு செய்நிரலொன்று கேட்கும்போது, முறைமையின் கரு முதலடைவிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அடைவாகக் கடந்து செல்கின்றது. பல அறைகளைக் கடந்து உள்ளறையில் உள்ள பேழையை அடைவது போன்றது இது. ஓர் அடைவில் தேடிய பெயர் இல்லையாயின் கரு 2 என்ற வழு எண்ணைத் தருகின்றது. அதன் பொருள் ‘அத்தகைய கோப்போ அடைவோ இல்லை’ என்பதாகும். இடையிலுள்ள ஓர் அடைவைக் கடக்க அனுமதி இல்லையாயின் 13 என்ற எண்ணைத் தருகின்றது. அதன் பொருள் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்பதாகும்.

இங்கு அவதானிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இடையறையின் கதவு அடைபட்டிருக்கும்போது உள்ளே பேழை உண்டா இல்லையா என்பதைப் பற்றிக் கரு எதுவும் கூறுவதில்லை. கேட்கப்பட்ட கோப்பு உண்மையில் இருப்பினும் இல்லாவிடினும் விடை 13 என்பதே. எனவே 13 என்ற விடை ‘உண்டு’ என்பதன் மறுதலையுமன்று, ‘இல்லை’ என்பதன் உடன்பாடுமன்று. ‘இது பற்றி உனக்குக் கூறப்படமாட்டாது’ என்பதே அதன் முழுப்பொருள். கருவின் மட்டத்தில் இரு விடைகளும் தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவ்வாறாயின் வழு எங்கிருந்து வருகின்றது?

3. கவனக்குறைவால் விளையும் வழு

பயனர் கருவோடு நேரே உரையாடுவதில்லை. அவருக்கும் கருவுக்கும் இடையே பல மென்பொருள் அடுக்குகள் உள்ளன. கீழடுக்குக் கூறியதை மேலடுக்குத் தன் சொற்களிற் சுருக்கிக் கூறுகின்றது. சுருக்கும்போது வேறுபாடுகள் அழிகின்றன.

பைதன் மொழியில் ஒரு கோப்பு உண்டா எனக் கேட்கும் துணைச்செயல் ஒன்றுண்டு. அது தரக்கூடிய விடைகள் ‘ஆம்’, ‘அன்று’ என்ற இரண்டு மட்டுமே. கருவோ மூன்று வகையாக விடையளிக்கின்றது: உண்டு, இல்லை, கூறப்படமாட்டாது. மூன்றை இரண்டினுள் அடக்கும்போது மூன்றாவது விடை ‘அன்று’ என்பதனுள் ஒடுங்குகின்றது. கோப்பு உண்மையில் இருந்தபோதிலும் அனுமதி இல்லாதவிடத்து இத்துணைச்செயல் ‘அன்று’ எனத் தரக்கூடும் என்று அம்மொழியின் அதிகாரபூர்வ கையேடே எச்சரிக்கின்றது. ஆயினும் இதனைக் கொண்டு எழுதப்படும் செய்நிரல்கள் ‘கோப்பு இல்லை’ என்ற செய்தியைத் தயக்கமின்றி அச்சிடுகின்றன.

ஒரு நூலகத்தில் பழைய சஞ்சிகைகளின் மின்படிகள் ஓர் அடைவில் வைக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். அவ்வடைவைக் கடக்கும் அனுமதி ஒரு நாள் தவறுதலாக நீக்கப்படுகின்றது. மறுநாள் தேடுகருவி ‘மின்படி இல்லை’ என்கின்றது. ஊழியர் அது தொலைந்துவிட்டதெனக் கருதி மீண்டும் படியெடுக்கத் தொடங்குவார். ஆய்வாளரோ அவ்விதழ் அங்கு இல்லையெனத் தம் குறிப்பிற் பதிந்துகொள்வார். ‘அனுமதி இல்லை’ என்ற இரு சொற்கள் வந்திருப்பின் நிருவாகி சில நிமிடங்களிற் சரிசெய்திருக்கக்கூடிய குறை, பொய்யான ஓர் இன்மையாக ஆவணப்படுத்தப்பட்டுவிடுகின்றது.

இதற்கு எதிர்த்திசையிலும் வழு நிகழ்வதுண்டு. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் ஒரு கட்டளையைப் பல அடைவுகளில் வரிசையாகத் தேடி இயக்கும் துணைச்செயல் ஒன்று உள்ளது. தேடும் வழியில் ஏதேனும் ஓரிடத்தில் 13 என்ற விடை கிடைப்பின் அது மேலும் தேடிச் செல்லும். எங்கும் கட்டளை கிடைக்காவிடின், இறுதியில் 13 என்பதையே திருப்பித் தரும். ஆதலால் பெயரைப் பிழையாகத் தட்டச்சு செய்தவருக்கு ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தி வரலாம். முன்னதில் இசைவில்லாமை இன்மையாயிற்று. இதில் இன்மை இசைவில்லாமையாயிற்று.

மூன்றாவது வகை, பழைய விடையொன்று புதிய வினாவுக்கு உரியதாக ஒட்டிக்கொள்வது. யுனிக்ஸ் முறைமையில் இறுதியாக நிகழ்ந்த வழுவின் எண் ஓரிடத்திற் சேமிக்கப்படும். வெளியீடு செல்வது ஒரு முனையத்துக்கா எனச் செய்நிரல் சோதிக்கும்போது, அஃது அன்றாயின், ‘இது தட்டச்சுப்பொறி அன்று’ எனப் பொருள்படும் 25 என்ற எண் அங்கு தங்கிவிடும். பின்னர் முற்றிலும் வேறான காரணத்தால் நிகழ்ந்த தோல்விக்கு இவ்வெண்ணின் விளக்கமே அச்சாகும். 1980களில் முகவரி பிழையான மின்னஞ்சல்கள் ‘தட்டச்சுப்பொறி அன்று’ என்ற விந்தையான விளக்கத்தோடு அனுப்பியவரிடமே திரும்பி வந்தமைக்கு இதுவே காரணம். வழி கேட்டவனுக்கு மாட்டைப் பற்றிக் கூறிய கதைக்கு இதனினும் நெருங்கிய உவமை கிடைத்தல் அரிது.

நான்காவதாக, உண்மையான விடையும் போதாமையால் மயக்கம் தரலாம். ஒன்பது குறிகளும் சரியாக இருந்தபோதிலும், கோப்பு உள்ள வட்டில் இயக்கத் தடை விதிக்கப்பட்டிருப்பின் 13 வரும். ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்.ஈ.லினக்ஸ் என்னும் மேலதிகக் காவல் ஏற்பாடு தடுத்தாலும் 13 வரும். மறுத்தவர் பலர், மறுப்புச் சொல் ஒன்று. குறிகளைத் திரும்பத் திரும்பச் சோதித்துக் களைத்த பயனர், ஈற்றில் யாவருக்கும் யாவற்றையும் அனுமதித்துவிடுகின்றார், அல்லது காவல் ஏற்பாட்டையே அணைத்துவிடுகின்றார். தெளிவற்ற மறுப்பு, தான் காக்க வந்த பாதுகாப்பையே அழிப்பது இவ்வாறாகும்.

4. வழுவமைதியாகக் கொள்ளத்தக்கவை

எல்லா மறைப்பும் கவனக்குறைவின் விளைவு எனக் கூறுதல் பொருந்தாது. தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படும் வழுவை இலக்கணகாரர் ‘வழுவமைதி’ என்பர். கணினியிலும் அத்தகைய இடங்கள் உள. முறைமையினுள் நுழையும்போது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படுகின்றன. பெயர் பிழையா, கடவுச்சொல் பிழையா என்பதை முறைமை கூறுவதில்லை. கூறின், அத்துமீற விரும்புபவன் முதலிற் பெயர்களைக் கண்டறிந்து, பின்னர் கடவுச்சொற்களைத் தேடுவான்.

இதே காரணம் பற்றி இணையத்தின் நெறிமுறை, தடுக்கப்பட்ட வளம் ஒன்றின் இருப்பை மறைக்க விரும்பும் வழங்கி, தடையைக் குறிக்கும் 403 என்ற எண்ணுக்குப் பதிலாகக் ‘காணப்படவில்லை’ என்பதைக் குறிக்கும் 404ஐத் தரலாம் என இடமளிக்கின்றது. மென்பொருளாக்குநர் பயன்படுத்தும் கிட்ஹப் தளத்தில், பிறரது தனிப்பட்ட களஞ்சியத்தைக் கேட்பவருக்கு 404 என்றே விடை வரும். ஒராக்கிள் தரவுத்தளத்தில், உரிமையற்ற ஒருவர் ஓர் அட்டவணையைக் கேட்பின் ‘அட்டவணையோ காட்சியோ இல்லை’ என்னும் 942ஆம் இலக்க வழுச் செய்தி கிடைக்கும். அட்டவணை நூறாயிரம் பதிவுகளோடு அங்கே இருக்கலாம்.

இவற்றின் நோக்கம் நியாயமானதே. எனினும் மறைத்தல் வேறு, பொய்த்தல் வேறு என்பது இங்கு வற்புறுத்தப்பட வேண்டும். அமேசன் நிறுவனத்தின் எஸ்3 களஞ்சியத்தில், பட்டியலைக் காணும் உரிமை இல்லாத ஒருவர் இல்லாத பொருளைக் கேட்டாலும் 403 என்ற மறுப்பே கிடைக்கும். பட்டியலைக் காணும் உரிமையுள்ளவருக்கு மட்டுமே 404 கிடைக்கும். இருப்பு இங்கும் முழுமையாக மறைக்கப்படுகின்றது. ஆனால் பயனர் அடுத்துச் செய்ய வேண்டியது உரிமை கோருதலே என்பது தெரிந்துவிடுகின்றது. மைக்ரோசொவ்ட்டின் எஸ்.கியூ.எல். வழங்கியோ, பொருள் இல்லை அல்லது உமக்கு அனுமதி இல்லை என இரு வாய்ப்புகளையும் ஒருசேரக் கூறிவிடுகின்றது. இரகசியமும் காக்கப்பட்டது, பொய்யும் கூறப்படவில்லை.

இத்தீர்வு புதியதன்று. 1965ஆம் ஆண்டளவில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகம், ஜெனரல் இலெக்ட்ரிக், பெல் ஆய்வுகூடங்கள் ஆகியவை கூட்டாக உருவாக்கத் தொடங்கிய மல்ட்டிக்ஸ் முறைமையில், எத்தகவலையும் தருவதற்குப் போதிய அணுகலுரிமை இல்லை எனப் பொருள்படும் வழுச் செய்தி ஒன்று இருந்தது. ‘இல்லை’ என்றும் கூறாது, ‘உண்டு’ என்றும் கூறாது, கூறாமைக்குரிய காரணத்தை மட்டும் அது கூறியது. மல்ட்டிக்ஸ் ஆக்கத்திற் பங்குகொண்ட ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடருடன் இணைந்து 1975இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தகவற் பாதுகாப்புக்குரிய எட்டு நெறிகளை வகுத்தது. அனுமதி வெளிப்படையாக வழங்கப்பட்டாலன்றி மறுத்தலே இயல்புநிலையாதல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மனிதர் இயல்பாகவும் சரியாகவும் கையாளத்தக்கதாகப் பாதுகாப்பு அமைதல் வேண்டும் என்பது மற்றொன்று. முதல் நெறியை ஏற்றவர் பலர். இரண்டாவதனை மறந்தமையே நாம் கண்ட குறைகளுக்குக் காரணம் எனலாம்.

5. கொழும்பில் உருவான ஒரு மென்பொருள்

அனுமதி பற்றிய இவ்வாராய்ச்சி நமக்கு அந்நியமானதன்று. 2005ஆம் ஆண்டு சஞ்சீவ வீரவரணவும் பிறரும் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் கொழும்பிலிருந்து ஆக்கி வெளியிட்ட திறந்த மூல மென்பொருள்களுள் ‘பலன’ என்பது ஒன்று. கண்டி இராச்சியத்துக்குச் செல்லும் கணவாயைக் காத்த பலனக் கோட்டையின் பெயரே அதற்கு இடப்பட்டது. யார், எதனை, எச்சூழலில் அணுகலாம் எனத் தீர்மானிப்பதற்கான எக்ஸ்.ஏ.சி.எம்.எல். என்னும் சர்வதேச நியமத்தைச் செயற்படுத்துவது அது.

இந்நியமத்தின்படி தீர்மானிக்கும் பகுதி நான்கு விடைகளுள் ஒன்றைத் தரும். அவை: அனுமதி, மறுப்பு, பொருந்தும் விதி இல்லை, தீர்மானிக்க இயலவில்லை. தேவையான விவரம் ஒன்று குறைவதால் தீர்மானிக்க இயலாதவிடத்து, எவ்விவரம் குறைகின்றது என்பதையும் அது தெரிவிக்கலாம். பாதுகாப்பு வேண்டின் தெரிவியாதும் விடலாம். இங்ஙனம் அறிவின் நிலைகளை நன்கு பிரித்துக்காட்டும் இந்நியமம், வாயிற்காவல் செய்யும் பகுதியை மற்றொரு கூறாக வைக்கின்றது. அக்காவற் பகுதியை மறுப்புச் சார்புடையதாக அமைக்கலாம். அப்போது ‘அனுமதி’ ஒழிந்த மூன்று விடைகளும் கதவடைப்பிலேயே முடியும். பாதுகாப்பு நோக்கில் இது சரியே. எனினும் கதவுக்கு வெளியே நிற்பவருக்கு, தாம் மறுக்கப்பட்டாரா, தமக்குரிய விதியை எழுத மறந்தனரா, தமது விவரம் ஒன்று வந்து சேரவில்லையா என்பது தெரியாமற் போகின்றது. செயல் ஒன்றாக இருக்கலாம்; விளக்கமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தீர்மானிக்கும் பகுதி அறிந்ததைச் செய்தி எழுதுபவர் வீணாக்குதல் கூடாது.

6. தமிழில் மறுப்பைக் கூறுதல்

வழுச் செய்திகளைத் தமிழாக்குவோர் இவ்விடத்தில் ஒரு மொழியியற் சிக்கலை எதிர்கொள்கின்றனர். தமிழில் ‘இல்லை’ என்ற சொல் இருப்பை மறுக்கவும் (‘கோப்பு இல்லை’), உடைமையை மறுக்கவும் (‘உமக்கு அனுமதி இல்லை’) பயன்படுகின்றது. பேச்சிற் சுருங்கும்போது இரண்டும் ‘இல்லை’ என்ற ஒரு சொல்லாகிவிடுகின்றன. வெள்ளவத்தைக் காலி வீதியிலோ கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலோ உள்ள தட்டச்சு, படப்பிரதிக் கடையொன்றில் இணையவழி விண்ணப்பத்தை நிரப்புவிக்கும் முதியவர் திரையைத் தாம் படிப்பதில்லை. கடைக்காரர் ஆங்கிலச் செய்தியைப் படித்து, ‘உங்கட பதிவு இல்லையாம்’ என்கின்றார். பதிவு இல்லையா, அதனைக் காண இக்கணக்குக்கு உரிமை இல்லையா என்ற வேறுபாடு, திரையிலிருந்து செவிக்கு வருமுன் மறைந்துவிடுகின்றது. மூலச் செய்தியே வழுவுடையதாயின் அவ்விருவராலும் அதனை மீட்க முடியாது.

ஆயின் தமிழ் இவ்வேறுபாட்டைக் காட்ட வல்லதே. ‘இல்லை’ என்பது இருப்பை மறுப்பது; ‘காணப்படவில்லை’ என்பது தேடியவரின் அனுபவத்தை மட்டும் கூறுவது. முன்னதைக் கூற உறுதியான அறிவு வேண்டும். பின்னதைக் கூறத் தேடியமை ஒன்றே போதும். 2 என்ற எண்ணுக்கு ‘இல்லை’ பொருந்தும். 404 என்ற எண்ணுக்குக் ‘காணப்படவில்லை’ என்பதே பொருந்தும். இவ்விரண்டையும் ஒன்றாக மொழிபெயர்த்தல் பிழையாகும்.

அவ்வாறே ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற வழக்கமான தொடரும் சிந்திக்கத்தக்கது. செயப்பாட்டு வினையால் ஆன இத்தொடரில் மறுத்தவர் யார், மறுக்கப்பட்டவர் யார், எச்செயல் மறுக்கப்பட்டது என்பவற்றுள் எதுவும் இல்லை. எழுவாயைக் கூறாது மறுத்தல் அலுவலக மொழிக்கு வசதியானது, பயனருக்கு அன்று. ‘இவ்வடைவைக் கடக்க உமது கணக்குக்கு அனுமதி இல்லை; முறைமை நிருவாகியிடம் கேட்கவும்’ என்பது சற்று நீண்டதாயினும் முழுமையான விடை. நன்னூலார் கூறும் எண்வகை விடைகளுள் ‘உற்றது உரைத்தல்’ ஒன்று. ஆடுவாயா எனக் கேட்கப்பட்டவன் கால் நோவைக் கூறுவது போல, நேர்மறுப்புக்குப் பதிலாக நேர்ந்த நிலையைக் கூறுதல் அது. நல்ல வழுச் செய்தி அவ்வகையைச் சார்ந்தது.

7. முடிவுரை

மேற்கூறியவை மென்பொருளுக்கு மட்டும் உரியவையல்ல. அலுவலகம் ஒன்றில் தமது ஆவணத்தைக் கேட்கச் செல்லும் குடிமகனுக்கு ‘கோவை கிடைக்கவில்லை’ என்ற மறுமொழியும், ‘கோவையைத் தர விதி இடந்தராது’ என்ற மறுமொழியும் ஒன்றல்ல. முதலாவது அவரை வீட்டுக்கு அனுப்புகின்றது. இரண்டாவது, எந்த விதி என்று கேட்கவும் மேன்முறையீடு செய்யவும் வழி திறக்கின்றது. இலங்கையில் 2015இன் பத்தொன்பதாவது திருத்தம் தகவலைப் பெறுதலை அடிப்படை உரிமையாக்கியது. 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், தகவலை மறுக்கும் அலுவலர் அதற்கான காரணத்தையும், யாரிடம் எக்காலத்துள் மேன்முறையீடு செய்யலாம் என்பதையும் குறிப்பிட வேண்டும் எனப் பணிக்கின்றது. மறுக்கத்தக்க தகவல்கள் எவை என்பதையும் அச்சட்டமே பட்டியலிடுகின்றது. அதாவது, மறுக்கும் அதிகாரம் ஏற்கப்பட்டுள்ளது. காரணமின்றி மறுக்கும் அதிகாரம் ஏற்கப்படவில்லை.

அரச சேவைகள் கணினிமயமாகிவரும் இன்று, அலுவலரின் மறுமொழி இருந்த இடத்தில் முறைமையின் செய்தி வந்து நிற்கின்றது. அலுவலரைச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. திரையில் வரும் ‘இல்லை’யை எழுதிய மென்பொருளாக்குநரோ தமது சொல் ஒரு தீர்ப்பின் பயனைத் தருகின்றது என்பதை அறியாதிருக்கலாம். 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின் தமிழும் அரசகரும மொழியாகவுள்ள இந்நாட்டில், இச்செய்திகள் தமிழில் வர வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் பொய்யான விடையைப் பிழையற்ற தமிழில் தருவதால் ஆவது ஒன்றுமில்லை. ஆகவே அக்கோரிக்கையோடு மேலும் மூன்றைச் சேர்த்தல் வேண்டும். அறியாததை இல்லையெனக் கூறாமை ஒன்று. மறைக்க வேண்டியதை மறைக்கும்போதும் மறைக்கின்றோம் என்பதை ஒப்புதல் மற்றொன்று. மறுக்கப்பட்டவர் அடுத்து யாரிடம் செல்லலாம் என்பதைக் கூறுதல் இன்னொன்று. இவற்றைச் செய்வதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. முறைமையின் கரு 2ஐயும் 13ஐயும் வேறுபடுத்தியே தருகின்றது. அவ்வேறுபாட்டைப் பயனரின் செவிவரை கொண்டு சேர்ப்பது இடையில் நிற்போரின் கடமையாகும்.